நாலு நம்பர் கொடுத்த பேய்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். மறதியும் அதிகம். என் பேத்தி பள்ளிப் பிள்ளைகள் படிப்பதற்குப் பேய்க்கதைகள் எழுதுகிறாள். பிரிக்பீல்ட்ஸில் பழைய பேய் ஏதாவது தெரியுமா என்று கேட்டாள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தது, அதனால் எழுதுகிறேன். கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் சின்ன வயதில் நாங்கள் அங்கே ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு ஸ்டேஷனில் சாமான் ஏற்றும் வேலை. யுத்த காலத்தில் சயாமில் ரயில் போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போன ஆள்களில் பலர் திரும்பி வரவில்லை. அப்படிப் போன ஒருவரின் மனைவி எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த விறகுக் கொட்டகையில் காத்திருந்தே செத்துப்போனாள், இன்னும் அங்கேதான் இருக்கிறாள் என்று ஒரு பேச்சு உண்டு. எல்லாரும் பாதி மறந்துவிட்ட அந்தப் பேயை அம்மாதான் ஒருநாள் திடீரென்று கிளப்பிவிட்டார்.

"உள்ள அழுகைச் சத்தம் கேட்குது. ஒருத்தரும் அந்தப் பக்கம் போகாதீங்க" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தார்.

அன்றிலிருந்து பேய்க்கு மதியச் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்துதான் போனது. கருவாட்டுக் குழம்பு வைத்த நாளில் பேய் கூடுதலாகச் சாப்பிடும். தட்டைக் கழுவித்தான் திருப்பிக் கொடுக்கும். தட்டுக் கழுவாமல் அடி வாங்குகிற எனக்கு அந்தப் பேயின் மேல் நல்ல மரியாதை.

பேய் என்றால் ஆள்கள் ஓடிப்போவார்கள் என்று அம்மா நினைத்தார். நாலு நம்பர் லாட்டரியை அவர் மறந்துவிட்டார். எங்கே பேய் இருக்கிறது என்று தெரிந்தாலும் லாட்டரிக்கு நம்பர் கேட்டுப் போகிறவர்கள்தானே நம் ஆள்கள்! முதலில் பக்கத்து வீட்டு மாமா சாம்பிராணிச் சட்டியைக் கொட்டகைக் கதவடியில் வைத்துக் கும்பிட்டார். புகை உள்ளே போனது. பேய் இருமியது. விட்டு விட்டு இருமியதை எண்ணி அவர் நம்பர் எடுத்தார். அந்த வாரமே அடித்துவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் கொல்லை சந்தை கூடுகிற பாசார் மாதிரி ஆகிவிட்டது.

"தள்ளி நில்லு லா, நான்தான் முதல்ல வந்தேன்!"

"அண்ணே, கடைசியில வந்தது இருமலா, தும்மலா?"

"தும்மல்தான். அதுக்கு சைபர் போடு லா."

அம்மா அகப்பையைத் தூக்கிக்கொண்டு விரட்டுவார். அவர்கள் அம்மாவையே பூசாரி என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

ஒருநாள் சாயங்காலம் போர்ட் கிள்ளானிலிருந்து லோரி ஓட்டுகிற ஒருவர் வந்தார். கதவின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"தாயே, என் பொண்டாட்டி ஓடிட்டா. ரெண்டு அடி அடிச்சதுக்கு ஓடுவாளா? அவளைத் தேடியே கையில இருந்ததெல்லாம் கரைஞ்சு போச்சு. ஒரு நம்பர் கொடுங்க, உங்களுக்குப் பட்டுச்சேலை எடுத்துத் தரேன்!"

கொட்டகை கப்சிப் என்று ஆகிவிட்டது. புகை போய்க்கொண்டே இருந்தது. பேய் மூச்சுக்கூட விடவில்லை. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. என் கையைப் பிடித்துக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"இருமுடி!"

"எதுக்கும்மா?"

"கேள்வி கேட்காத. சத்தமா இருமு!"

நான் இருமினேன். அந்த நேரத்தில் உள்ளேயும் அடக்கமாட்டாமல் ஓர் இருமல் வந்தது. அது வெளியே கேட்காதபடி அம்மா என் முதுகில் ஓங்கி ஒரு குத்து விட்டார், நான் நிஜமாகவே இருமித் தீர்த்தேன். அந்த ஆள் என் இருமலை விரல்விட்டு எண்ணிக்கொண்டு சந்தோஷமாக ஓடினார். அவர் தெருமுனையைத் தாண்டும்வரை அம்மா என்னை விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் சோறு போட்ட பேய்க்கு இப்போது ஏன் பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் பேய்க்குச் சாப்பாடு போகவில்லை. கேட்டதற்கு அப்பா, "அதுக்கு ஜொகூருக்கு மாற்றல் வந்திருச்சு" என்றார். ரயில்வே வீட்டுப் பிள்ளைக்கு அதில் சந்தேகம் வராது.

என் இருமலுக்கும் நம்பர் அடித்தது. லோரிக்காரர் ஒரு கோழியும் சிவப்புப் பட்டுச்சேலையும் கொண்டுவந்தார்.

"சொன்னபடி எடுத்துட்டேன் அக்கா. நான் ஒரு பொம்பளைக்குச் சேலை எடுக்கிறது இதுதான் முதல் தடவை" என்றார் பெருமையாக.

"கட்டின பொண்டாட்டிக்கு ஒண்ணு எடுத்திருக்கலாமே தம்பி."

"அவளுக்கு எதுக்கு அக்கா? அவ என்ன நம்பரா கொடுத்தா?"

அம்மா கோழியையும் சேலையையும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். உள்ளே வந்து சிரிக்க ஆரம்பித்தவர், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கோழியை நாங்கள் சாப்பிட்டோம். சேலை ஜொகூர் ரயிலில் போனது.

பேய் போன பிறகு நான் தைரியமாகக் கொட்டகைக்குள் போய்ப் பார்த்தேன். கதவில் புதிதாக ஒரு தாழ்ப்பாள் போட்டிருந்தது, அதுவும் உள்பக்கத்தில். சுவருக்குள்ளேயே நுழைந்து போகிற பேய்க்குத் தாழ்ப்பாள் எதற்கு, அது யாருக்குப் பயந்தது என்று அங்கேயே நின்று யோசித்தேன். ஒன்றும் விளங்கவில்லை.

சேலை சிவப்பா, அரக்கா என்பது எனக்கு இப்போது நிச்சயமில்லை. அந்தக் குவாட்டர்ஸ் வரிசையில் குடியிருந்த பழைய ஆள்கள் யாராவது இருந்தால், கேட்டுச் சரிபார்த்துவிட்டு என் பேத்தி இதை எடுத்துக்கொள்ளட்டும்.