ஞாயிற்றுக்கிழமை காட்ட வேண்டிய பிள்ளை

கள்ளிக்குப்பத்தில் வேம்புலியம்மாளைச் சாராயக்காரி என்று ஏசியவர்களில் பாதிப் பேர் அவள் புருஷனிடம் வாங்கிக் குடித்தவர்கள். மதுவிலக்கு இருந்த காலம், அறுபத்தாறோ அறுபத்தேழோ. தங்கவேல் ஏரிக்கரைப் புதருக்குள் ஊறல் போட்டுக் காய்ச்சி, லாரி டியூபில் நிரப்பி வீட்டுக்குக் கொண்டுவருவான். அவளோ அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வெங்காயம் நறுக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

போலீஸ் வந்த அன்று அவன் பின்பக்கமாக ஓடிவிட்டான். டியூபோடு மாட்டியவள் அவள். ஜாமீனில் எடுத்துக் கூட்டிவரும் வழியிலேயே தங்கவேல் சொன்னான்:

"உன்னுதுன்னே ஒத்துக்கோ வேம்பு. என் மேல ஏற்கெனவே கேசு கீது. பொம்பளைன்னா ஃபைன் போட்டு உட்ருவாங்கோ."

அவள் தலையாட்டினாள். ஆறு வயது மகள் பொன்னியை ஜெயிலுக்குப் போனவன் பெண் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் அவள் நினைப்பு.

கேஸ் இழுத்துக்கொண்டே போயிற்று. அதற்குள் அவன் வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டு, பொன்னியை ஆவடியில் இருந்த தன் அக்கா ஜெகதாம்பாள் வீட்டில் கொண்டுபோய் விட்டான். கேட்கப் போனவளிடம், "சாராய கேசுல கீறவகிட்ட பொண்ணு வளருமா?" என்றான். கொஞ்சமும் கூச்சமில்லை.

பிள்ளையைக் கேட்டுச் செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் போனாள். அங்கேயும் அவனுடைய வக்கீல் அந்தக் கேஸைத்தான் காட்டினார். அது முடியும்வரை பிள்ளை தகப்பன் பொறுப்பில் இருக்கட்டும்; ஞாயிறுதோறும் பகலில் தாய் போய்ப் பார்க்கலாம், யாரும் தடுக்கக் கூடாது என்று நீதிபதி உத்தரவு போட்டார்.

முதல் ஞாயிறு ஜெகதாம்பாள் வாசலில் உட்கார்ந்து கருவாடு சுத்தம் செய்துகொண்டிருந்தாள்.

"பொண்ணு இல்லியே வேம்பு. திருத்தணிக்குப் போய்கீது."

கொடியில் பொன்னியின் கவுன் தொங்கியது. அதிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு குழந்தை இருமியது. யாரோ வாயைப் பொத்தியதுபோல் இருமல் பாதியில் நின்றது.

"உள்ள யாரு அண்ணி?"

"பக்கத்தூட்டுக் கொயந்த."

கருவாட்டுத் தலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே சொன்னாள் ஜெகதாம்பாள். அடுத்த ஞாயிறு ஜுரம் என்றாள். அதற்கடுத்த ஞாயிறு கதவு பூட்டியிருந்தது. வேம்புலியம்மாள் வாங்கிப்போன பன் ரொட்டியை ஒவ்வொரு முறையும் திரும்பக் கொண்டுவந்தாள்.

பூந்தமல்லி கோர்ட்டில் சாராயக் கேஸ் முடிவுக்கு வரும் நேரம் தங்கவேல் அவளைத் தேடி கேன்டீன் வாசலுக்கே வந்தான். அவள் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று பயம்.

"முன்னே பேசினபடியே ஒத்துக்கோ. அப்பால ஞாயித்துக்கெயம கொயந்தய பாரு. நான் குறுக்க வர மாட்டேன்."

"கோர்ட்டு குட்த்தத நீ இன்னாய்யா எனுக்குக் குடுக்கிறது? பெத்த பொண்ண வச்சு பேரம் பேசறியே, நீயெல்லாம் ஒரு ஆளா? த்தூ!"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனான்.

கோர்ட்டில் அவள் நடந்ததை அப்படியே சொன்னாள். நம்புவார் இல்லை. அன்று ஏன் சொல்லவில்லை என்று மாஜிஸ்திரேட் கேட்டார். அபராதமும், கோர்ட் கலையும்வரை காவலும் தண்டனை. அவள் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்க, தங்கவேல் தாழ்வாரத்தில் பீடி பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

தண்டனை வாங்கியவளிடம் பிள்ளையை ஒப்படைக்கச் செங்கல்பட்டு நீதிபதி சம்மதிக்கவில்லை. ஆனால் ஞாயிறு உத்தரவை மதிக்காததற்குத் தங்கவேலைக் கூப்பிட்டு எச்சரித்தார். அடுத்த ஞாயிறு உத்தரவை நிறைவேற்றும் கோர்ட் அமீனா கூடவே வந்து நின்றார். ஜெகதாம்பாள் பொன்னியைக் கையைப் பிடித்து வெளியே தள்ளினாள்.

பிள்ளை கிட்டே வரவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது.

"இன்னாம்மா?"

"உன் மேல சாராய நாத்தம் அடிக்கும்னு அத்த சொல்ச்சு."

வேம்புலியம்மாள் ஜெகதாம்பாளைத் திரும்பிப் பார்த்தாள். அவளிடம் பேசுவதே அசிங்கம் என்று பட்டது. குந்தி உட்கார்ந்து கையை நீட்டினாள். "மோந்து பாரு."

பொன்னி தயங்கித் தயங்கி மோந்தாள். "வெங்காயம்," என்றாள்.

அதற்குப் பிறகு ஞாயிறுகள் தவறவில்லை. ஆனால் ஞாயிறுகளுக்கு மேல் எதுவும் கிடைக்கவுமில்லை.

எழுபத்தொன்றில் மதுவிலக்கு தளர்ந்து சாராயக் கடைகள் திறந்தன. தங்கவேலும் ஒரு கடையில் பங்கு சேர்ந்தான். வெள்ளைச் சட்டை போட்டான். அண்ணாத்தே என்று ஊரே கும்பிட்டது. புதுப் பெண்டாட்டிக்கும் பிள்ளைகள் பிறந்திருந்தன. ஒருநாள் ஆளிடம் சொல்லியனுப்பினான், பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று.

அவள் உடனே ஆவடிக்குப் போனாள். தங்கவேலும் அங்கே நின்றிருந்தான். பொன்னியின் துணிகளை மூட்டையாகக் கட்டி வாசலிலேயே வைத்திருந்தார்கள்.

"இத்தினி வருசம் குடுக்காதவன் இப்ப ஏன் குடுக்கிறே?"

"அக்கா ஊட்ல எடம் பத்தல," என்றான் தங்கவேல், பல்லைக் குத்திக்கொண்டே.

அவள் மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பொன்னியின் கையைப் பிடித்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். அம்பத்தூரில் இறங்கும்போது பொன்னி கேட்டாள்:

"அங்க திரும்பிப் போவணுமாம்மா?"

"வாணாம்," என்றாள் வேம்புலியம்மாள்.