அதிபருக்கு மட்டும் முகம்

ஒரு கேலிச்சித்திரத்தில் கேலிக்கு உள்ளாகிறவர் யார்? கல்லூரித் தேர்வில் இதற்கு இரண்டு பக்கம் விடை எழுதியவள் நான். எங்கள் மலைக்கிராமமான காவலூரின் படிப்பகத்தில் என் அப்பா இதே கேள்வியை என்னிடம் கேட்டார்.

அறுபதுகளில் நம் நாட்டுக்குக் கோதுமை அனுப்பிய அமெரிக்க அதிபரைப் பகடி செய்து அந்நாளில் பத்திரிகைகளில் வந்த சித்திரங்களைப் பார்த்து, அட்டைகளில் பெரிதாக வரைந்து அங்கே மாட்டியிருந்தேன். உதவி எவ்வாறு அதிகாரமாக மாறுகிறது என்று ஊராருக்கு விளக்க விரும்பினேன். ஒன்றில் அவர் தூண்டிலில் கோதுமை மூட்டையைத் தொங்கவிட்டுச் சிரிக்கிறார். கீழே, தட்டேந்திய நீண்ட வரிசை.

"இன்னாங்க காது இது, மொறம் கணக்கா! நம்ம சாமைய இதுலயே பொடைச்சிடலாம் போல" என்றார் பக்கத்து நிலத்துக்காரர். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அப்பா மட்டும் வரிசையின் கடைசியில் நின்ற சிறுமியின்மேல் விரலை வைத்திருந்தார்.

"யாரும்மா இது?"

"யாருமில்லப்பா. பசியில நிக்கிற ஜனங்க. கிண்டல் அந்த அதிபரத்தான்."

"அவருக்கு மூக்கு, காது, பல்லுன்னு எல்லாம் போட்டுக்கீற. இவங்களுக்கு வெறும் எலும்பு. மூஞ்சியே இல்ல. அப்போ யாரக் கிண்டல் பண்ற?"

சிரிப்பு நின்றது. அப்பாவின் குரல் சற்றும் உயர்ந்திருக்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் தமக்கு ஒரு தங்கை இருந்ததைச் சொன்னார். அதுவரை எனக்குத் தெரியாது. சாமை கருகிப்போன ஆண்டில் பள்ளிக்கூடத்தில் அந்தக் கோதுமையைச் சமைத்துப் போட்டார்களாம். பள்ளி வயதை எட்டாத தங்கை வேலிக்கு வெளியே தட்டுடன் நிற்பாள். அப்பா பாதியைத் தின்று, மீதியை அவளுக்குக் கொண்டுவருவார்.

"ஒரு நாளு முழுசையும் தின்னுட்டேன். தட்ட நீட்டிக்கினே நின்னா. ஒண்ணுமே கேக்கல."

அந்த மாதமே அவள் இறந்துவிட்டாள். "காய்ச்சல்லதான் போனா" என்று இரண்டு முறை சொன்னார். அறுபது ஆண்டுகளாகத் தமக்கே சொல்லிவந்த சொல் அது என்று பட்டது.

அவளுக்குப் புகைப்படம் ஏதுமில்லை. மறுநாள் அந்த அட்டையைக் கழற்றி வந்து, பென்சிலோடு அப்பாவின் எதிரே அமர்ந்தேன். செய்ததைச் சரிசெய்துவிடலாம் என்று நம்பினேன்.

"அத்த எப்படி இருந்தாங்கப்பா? சொல்லு, வரைஞ்சு தர்றேன்."

அட்டையில் அந்தச் சிறுமியின் முகம் இருக்கவேண்டிய வெற்று வட்டத்தைப் பார்த்தார்.

"தட்டு ஞாபகம் இருக்குது. ஓரம் நெளிஞ்ச அலுமினியத் தட்டு. மூஞ்சி..." கையால் தம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மூஞ்சி வரலம்மா."

நான் கேட்காதிருந்தால், தங்கையின் முகம் தமக்கு நினைவிருக்கிறது என்றே அவர் இறுதிவரை நம்பியிருப்பார். அந்த நம்பிக்கையை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் வைக்க என்னிடம் ஒன்றுமில்லை.

சித்திரங்கள் அனைத்தையும் கழற்றிவிட்டேன். ஆனாலும் மலையிலிருந்து கீழே ஆளேற்றிப் போகும் ஜீப்பில் அப்பா இப்போது படிப்பகத்தின் எதிரே ஏறுவதில்லை. அடுத்த நிறுத்தம்வரை நடந்துபோய் ஏறுகிறார்.