ஒட்டாத சர்க்கரை

குணமதியும் நானும் 1993இல் ஒரே நாளில் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் துறையில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் விழுப்புரத்துக் கத்தோலிக்கக் குடும்பம். தினமும் ரயிலில் வந்து போவேன். அவள் செஞ்சி சாலையில் ஒரு சமணக் கிராமம். அப்பா போய்ச் சேர்ந்து வெகுநாள். அண்ணன் சுதீஷ் செஞ்சியில் கடை வைத்துக்கொண்டு அங்கேயே குடியிருந்தான். வீட்டில் அவளும் அவள் அம்மா மருதேவியும் மட்டும்தான். ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் "நேரமில்லீங்க" என்று ஒரே பதில்தான்.

மருதேவியம்மாள் கணவர் இறந்தபின் மடத்தில் விரதம் எடுத்துக்கொண்டவர். பொழுது சாய்ந்துவிட்டால் மறுநாள் சூரியன் வரும்வரை பச்சைத் தண்ணீர்கூட வாயில் படாது. குடிக்கிற தண்ணீரையும் வெள்ளைத் துணியில் வடிகட்ட வேண்டும்; கண்ணுக்குத் தெரியாத உயிர்கூட வாய்க்குள் போய்விடக் கூடாது. வடிகட்டுவது சின்ன வயதிலிருந்தே குணமதியின் வேலை. துணியில் தங்கியதைக் கிணற்றிலேயே திரும்ப விட்டுவிட்டு, குடத்தை மூடி வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். "எங்கம்மாவுக்கு என் கைத் தண்ணிதான் எறங்கும்" என்று அதிலே ஒரு பெருமை வேறு.

வேலையோடு வேலையாக முனைவர் பட்டத்துக்கும் பதிவு செய்தாள். விழுப்புரத்துக் கல்லூரி ஒன்றில் வழிகாட்டிப் பேராசிரியர். ஒரு புரதத்தோடு ஒரு சர்க்கரை எவ்வளவு லேசாகச் சேர்கிறது என்று காந்த ஒத்ததிர்வுக் கருவியில் அளக்க வேண்டும். கருவி சென்னையில். விடுமுறைகளில் ஐஸ் பெட்டியும் கையுமாக ரயிலேறிவிடுவாள். எல்லாம் சரிதான். ஆனால் அந்தப் புரதம் கோழி முட்டையின் வெள்ளைக்கருவிலிருந்து எடுத்தது.

"வேற புரதம் குடுங்க சார்" என்று கேட்டுத்தான் பார்த்தாள்.

"இதுலதாம்மா திரையில விழற எந்தப் புள்ளி எந்த அணுவோடதுன்னு எல்லாத்தையும் கண்டுபிடிச்சு வெச்சிருக்காங்க. வேற எடுத்தா அதைக் கண்டுபிடிக்கவே உன் ஆயுசு போயிடும்" என்றார் அவர்.

பாட்டிலில் வரும் வெள்ளைப் பொடி. மோந்து பார்த்தால் ஒரு வாசனையும் கிடையாது. இருந்தும் அதைத் தொட்ட நாட்களில் வீட்டுக்குப் போனதும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அடுப்படிக்குள் நுழைவாள். ஏதோ ஆசிட் சமாச்சாரம் என்று அம்மா நினைத்துக்கொண்டார். அவர் கேட்கவில்லை, இவள் சொல்லவில்லை. "கேக்காததுக்குப் பதில் சொல்லலைன்னா அது பொய்யா, மேரி?" என்று என்னைக் கேட்டாள். வாராவாரம் முழங்கால் போட்டுப் பாவம் சொல்லுகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது! சும்மா இரு என்று அதட்டினேன்.

2002இல் விழுப்புரத்தில் அவளுக்கு வாய்மொழித் தேர்வு. மருதேவியம்மாள் ஒரு தூக்கு நிறைய, மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் வேர்க்கடலை உருண்டையோடு வந்து கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். குணமதி ஆங்கிலத்தில் பேசி முடிக்கிறவரை மகளின் வாயை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. சென்னையிலிருந்து வந்த தேர்வாளர் தங்கமான மனிதர். "உங்கம்மா இவ்ளோ நேரம் உக்காந்திருக்காங்களே. அவங்களுக்காக ஒரு தரம் தமிழ்ல சொல்லிடும்மா" என்றார்.

குணமதி முகம் மலர்ந்து சொன்னாள். "ஒரு பெரிய காந்தம்மா. புரதத்தைத் தண்ணில கரைச்சு, சன்னக் கண்ணாடிக் குழாய்ல ஊத்தி அதுக்குள்ள எறக்குவோம். ரேடியோ அலையால தட்டினா, அதுல இருக்கற அணு ஒவ்வொண்ணும் பதில் குடுக்கும். அது திரையில புள்ளி புள்ளியா விழும். அப்புறம் சர்க்கரையைக் கொஞ்சங் கொஞ்சமா சேர்ப்போம். அது புரதத்துல ஒட்டிக்காது. வந்து உக்காரும், ஒடனே எழுந்து போயிடும். கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள எத்தனையோ தரம் வந்து வந்து போவும். ஒட்டாததை எப்படி அளக்கறது? அது வந்து தொடற எடத்துப் புள்ளி மட்டும் கொஞ்சம் நகரும். எவ்ளோ சேர்த்தா எவ்ளோ நகருதுன்னு பாத்து கணக்குப் போட்டுடுவோம்."

மருதேவியம்மாள் எழுந்து நின்றுவிட்டார். "அடிக்கடி ஆளு வந்து போற ஊட்டுல பாய் கொஞ்சம் நவுந்தே கெடக்குமே, அந்த மாதிரியா?"

"அதே மாதிரிதாம்மா!"

தேர்வாளர் மேசையைத் தட்டிச் சிரித்தார். புரிந்துவிட்ட சந்தோஷத்தில் அம்மா இன்னொன்றும் கேட்டார். "அந்தப் புரதம்னியே, அது எதுலேருந்து கண்ணு எடுக்கறாங்க?"

பாட்டிலில் வருகிறது என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதானே? குணமதி அம்மாவையே பார்த்தாள். "கோழி முட்டையிலேருந்தும்மா. வெள்ளைக்கரு."

"அப்படியா" என்று சொல்லி உட்கார்ந்தார். பட்டம் கொடுக்கலாம் என்று அறிவித்தார்கள், கை தட்டினார்கள். அவர் எல்லோருக்கும் உருண்டை கொடுத்தார்; மகளுக்கும் கொடுத்தார்.

மறுநாள் காலையில் குணமதி கிணற்றடிக்குப் போனபோது தண்ணீர் வடிகட்டி ஆகியிருந்தது. துணி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

"கோவமில்ல கண்ணு" என்றார் அம்மா. "நீ பண்ணது தப்புன்னும் நான் சொல்லல. நான் எடுத்துக்கினு வந்த வெரதம். என்னால முடியல."

அன்றிலிருந்து சமையல், தண்ணீர் எல்லாம் அவரே. மகளுக்கு ஆசையாகத்தான் பரிமாறுவார். மகள் கையால் மட்டும் ஒன்றும் வாங்கமாட்டார். சென்னையில் மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய அழைப்பு வந்தது. குணமதி போகவில்லை. அந்தப் பாட்டிலை அதற்கப்புறம் தொடவே இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உங்கள்ல மன்னிப்பு கேக்கற ஏற்பாடே இல்லியாடி? கேட்டுட்டு வேலையைப் பாரேன்" என்று கத்தினேன்.

"இருக்கு மேரி. ஆனா எனக்கு இது பாவம்னு தோணலையே. தோணாததுக்கு எப்படி மன்னிப்பு கேப்பேன்?"

"அப்ப எதுக்குடி விட்ட?"

"தண்ணி வாங்கிப்பாங்களோன்னுதான்" என்றாள். அவர் வாங்கவில்லை. பத்து வருஷம் அப்படியே போயிற்று. பாடம் நடத்தினாள், விடைத்தாள் திருத்தினாள், நரை விழுந்தது. ஒரே கூரையின்கீழ் விருந்தாளி மாதிரி சாப்பிட்டு எழுந்தாள்.

2012 கோடையில் அம்மா படுத்துவிட்டார். சுதீஷின் மனைவி வந்திருந்து தண்ணீர் வடிகட்டிக் கொடுத்தாள். ஒரு நாள் குணமதி கல்லூரியிலிருந்து திரும்பியபோது விளக்கு வைத்தாகிவிட்டது. அம்மா பக்கத்தில் கூப்பிட்டார்.

"அந்தச் சர்க்கரை, ஒட்டாமயே வந்து வந்து போவும்னியே..."

"ஆமாம்மா."

அம்மா மகள் பக்கம் திரும்பிப் படுத்தார். "காலைல நீயே தண்ணி வடிகட்டிக் குடு கண்ணு. வாங்கிக்கறேன்."

கருக்கலிலேயே எழுந்து குளித்து, துணியை இரட்டையாக மடித்து வடிகட்டி, டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு அம்மா தலைமாட்டில் உட்கார்ந்தாள். அம்மா கண் திறந்து டம்ளரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "இன்னும் பொழுது வரலியே" என்றார். சரி என்று குணமதி காத்திருந்தாள். வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்ததும் "அம்மா, தண்ணி" என்றாள். அம்மா கண் திறக்கவில்லை.

நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது டம்ளர் அங்கேயேதான் இருந்தது, தட்டு போட்டு மூடியபடி. குணமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்கிக்கறேன்னு சொல்லிட்டாங்க மேரி. அவங்க வாயாலேயே சொன்னாங்க."

அந்தத் தண்ணீரை யாரையும் தொட விடவில்லை. எல்லாம் முடிந்து ஊர் ஜனம் கலைந்தபின், அவளே எடுத்துப்போய்க் கிணற்றில் ஊற்றினாள்.