மேடையில் பின்பக்கமாக நடந்தவள்

என்னைப் பற்றி ஒரு நிமிடம் பேசச் சொன்னால் இப்போது அரை மணி நேரம் பேசுவேன். நிறுத்துவதுதான் பெரும்பாடு. கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்தபோது கதை வேறு. "எந்த ஊரு?" என்று யாராவது கேட்டாலே நழுவப் பார்ப்பேன். ஊரைச் சொன்னால் அடுத்து "வீட்ல என்ன பண்றாங்க?" வரும். அதற்கும் சொல்லிவிட்டால் "ஊர்ல எந்தத் தெரு?" வரும். தெருவை எதற்காகக் கேட்கிறார்கள் என்று எங்கள் பக்கத்தில் பிறந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதனால் ஒரே பதிலாக வைத்திருந்தேன்: "குடவாசல் பக்கம். விவசாயக் குடும்பம்." கேட்டவர்கள் எங்களுக்கு இரண்டு மூன்று வேலி, அதாவது பதினைந்து இருபது ஏக்கர் நிலம் இருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன்.

உண்மையில் எங்களுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. நான் எட்டாவது படிக்கும்போதே அப்பா தவறிவிட்டார். அம்மா நடவுக்குப் போகிறவள். சும்மா போகிறவளும் இல்லை, பதினைந்து பெண்களைச் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போகிறவள். நடவு மிஷின் வந்த பிறகும், மிஷின் இறங்க முடியாத சேறு என்றால் அம்மாவுக்குத்தான் போன் வரும். லீவு நாட்களில் நானும் அவர்களோடு இறங்குவேன்.

தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கல்லூரிப் பெண்களுக்கு அழகிப் போட்டி வைத்தார்கள். நானாகப் பெயர் கொடுக்கவில்லை. ஹாஸ்டலில் என் அறையில் இருந்த ஒரத்தநாட்டுக்காரி கொடுத்துவிட்டாள். "கண்ணாடி முன்னாடி நின்னு நீ பேசுற பேச்சுக்கு மேடை ஒண்ணுதான்டி கொறச்சல்" என்றாள். அவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். மகராசி, எதையும் காதில் வாங்காமல் தன்னுடைய ஹீல்ஸ் செருப்பையும் கொடுத்து நடக்கப் பழக்கினாள். ஃபாரத்தில் அம்மாவின் தொழில் என்று கேட்டிருந்த இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதினேன்.

போட்டி அன்று காலையிலேயே அம்மா இரண்டு பஸ் மாறி வந்துவிட்டாள். பெட்டியில் வைத்திருந்த பட்டுப் புடவையைக் கட்டியிருந்தாள். நான் அவளிடம் எதையும் சொன்னதில்லை. ஆனால் அதற்கு முன் ஹாஸ்டலுக்கு வந்த இரண்டு தடவையும் கேட்டிலேயே நிறுத்திப் பேசி அனுப்பியிருந்தேன். அதிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கியிருந்தது.

"நான் கடைசி வரிசையில உக்காந்துக்கிறேன். யாராச்சும் கேட்டா ஊர்க்காரங்கன்னு சொல்லிக்கிறேன். நீ பாட்டுக்குத் தைரியமா பேசு" என்றாள்.

"ஏம்மா இப்படிப் பேசுற?" என்று கேட்டிருக்க வேண்டும். "சரி" என்றேன். அந்தச் 'சரி'யை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

மேடையில் செய்ய வேண்டியதை நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நேராக நடந்து முன்னால் வரவேண்டும். தரையில் ஒட்டிய குறியில் நின்று, சிரித்து, ஒரு நிமிடத்துக்குள் அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். பிறகு அழகாகத் திரும்பி உள்ளே போய்விட வேண்டும். நான் ஏழாவது ஆள். பெயர் சொன்னேன், படிப்பைச் சொன்னேன், "விவசாயக் குடும்பம். அம்மா இல்லத்தரசி" என்றும் சொன்னேன். குரல் கணீரென்றுதான் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். கடைசி வரிசையில் அம்மா கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் வேலையை மறைத்து நான் சொன்ன பொய்க்கும் சேர்த்துத் தட்டினாள்.

எனக்கு மூளை அப்படியே நின்றுபோனது. திரும்பி நடக்க வேண்டியவள் திரும்பவில்லை. முகம் கூட்டத்தைப் பார்த்தபடி இருக்க, ஓரடி ஓரடியாகப் பின்பக்கமாகவே போக ஆரம்பித்தேன். நாற்று நடும்போது அப்படித்தான் போவோம். கை முன்னால் நட்டுக்கொண்டிருக்க, கால் பின்னால் போகும். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டோம், பார்த்தால் வரிசை கோணிவிடும். தலை வேலை செய்யாத நேரத்தில் கால்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்தன. மண்டபம் கொல்லென்று சிரித்தது. யாரோ விசில் அடித்தார்கள். முன் வரிசையில் ஒரத்தநாட்டுக்காரி முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். போச்சு, மானம் கப்பலேறிவிட்டது என்று நினைத்தேன்.

நடுவர்களில் ஒரு அம்மா மட்டும் சிரிக்கவில்லை. நரைத்த தலை, சென்னையிலிருந்து வந்தவர், ஒரு காலத்தில் மாடலாக இருந்தவர். மைக்கை எடுத்து, "ஒரு நிமிஷம் நில்லும்மா. இந்தச் செருப்போட பின்னாடி பாக்காம இவ்வளவு நேரா எனக்கே போக வராது. எங்க கத்துக்கிட்ட?" என்றார். கேலியில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

'டான்ஸ் க்ளாஸ்ல மேடம்' என்று ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் எல்லோரும் நம்பியிருப்பார்கள். ஆனால் எனக்குக் கோபம் வந்தது. சிரித்தவர்கள் மேல் இல்லை, என் மேலேயே. எனக்குக் கோபம் வந்தால் பொய் வராது.

"வயல்ல மேடம். நடவு நடுறப்ப இப்படித்தான் போகணும். எங்கம்மா கூடப் போய்ப் பழகினது. அவங்க இல்லத்தரசி இல்ல மேடம், நான் பொய் எழுதிட்டேன். பதினஞ்சு பேரைக் கூட்டிக்கிட்டு நடவுக்குப் போறவங்க."

"அம்மா வந்திருக்காங்களா?" என்று கேட்டார் நடுவர்.

நான் கை நீட்டிக் காட்டினேன். அம்மா சட்டென்று குனிந்து செருப்பைத் தேடுவதுபோல் பாவனை செய்தாள். "எந்திரிம்மா" என்றேன். எழுந்திருக்கவில்லை. "எந்திரிம்மா, உன்னத்தான்!" என்று மேடையிலிருந்து கத்தினேன். மெல்ல எழுந்தாள். யாரோ ஒரு பெண் ஓடிப்போய் அவள் கையில் மைக்கைக் கொடுத்தாள்.

'அந்தப் பொண்ணோட அம்மாங்க' என்று சொல்லி உட்கார்ந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். முதலில் தன் பெயரைச் சொன்னாள். அப்புறம் ஊரைச் சொன்னாள். "நடவு ஆளுங்க. நாங்க நட்டா கயிறு புடிச்ச மாதிரி இருக்கும். யாருக்காச்சும் ஆளு வேணும்னா சொல்லி விடுங்க" என்றாள். மறுபடியும் சிரிப்பு எழுந்தது, இந்தத் தடவை கைதட்டலோடு. அவளும் சிரித்தாள்.

எனக்குப் பரிசு கிடைக்கவில்லை. என் பெயரைக் கொடுத்தவளுக்கும், கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்ட அந்த நடுவருக்கும் நான் பட்டிருக்கும் நன்றிக்கடன் கொஞ்சநஞ்சமல்ல. ஊரில் அம்மாவை அப்பாவின் பெயர் சொல்லி 'இன்னார் சம்சாரம்' என்பார்கள். அவர் போன பிறகு என் பெயர் சொல்லி 'இன்னாளோட அம்மா' என்பார்கள். அவள் தன் பெயரைத் தன் வாயால் சொல்லி, என் பத்தொன்பது வயதில் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன்.