குண்டெழுத்துக்காரி

பள்ளிக்கூடத்தில் பென்சில் சீவாமல் வந்ததற்காக வாங்கிக் கட்டிக்கொண்டவள், பிற்காலத்தில் அந்த மழுங்கல் எழுத்தாலேயே பேர் வாங்கினாள். எழுத்துரு வரைவது அவள் வேலை. அவள் எழுத்தில் கூர்முனை கிடையாது, வால் கிடையாது. தேய்ந்த சாக்பீஸால் அழுத்தி எழுதியதுபோல எல்லாக் கோடும் ஒரே தடிமன், முனையெல்லாம் உருண்டை. பற்பசைக் குழாயிலும் பொம்மைப் பெட்டியிலும் மழலையர் பள்ளிப் பலகையிலும் அது கொழுகொழுவென்று உட்கார்ந்திருக்கும். பார்க்கிறவர் முகம் தானாக மலரும். வீட்டில் கணவன் மட்டும், "உன் எழுத்தைக் கொஞ்சம் டயட்ல வையேன்" என்பான். அவனுக்கென்ன தெரியும்!

பேருந்துகளின் நெற்றிப் பலகைக்கு எழுத்து கேட்டுப் போக்குவரத்துக் கழகத்தார் வந்தபோது அவள் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். காரணம் மாமனார். ஆயுசு முழுக்கப் பேருந்து ஓட்டிய மனிதர். கண் மங்கியபின் ஒரு நாள் 68 என்று நினைத்து 66இல் ஏறி, ஊரின் மறுகோடியில் போய் இறங்கினார். அன்றோடு சிநேகிதர் வீட்டுக் கேரம் ஆட்டம் நின்றது. இது எந்த பஸ் என்று பிறத்தியாரிடம் கேட்க ரோஷம் விடவில்லை. வீட்டில் கேட்டால் மூட்டு வலி என்று சாக்கு. அவர் மறுபடி தனியாக வெளியே போக வேண்டும், அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

தூரத்தில் தெரிய வேண்டுமே என்று எழுத்தை இன்னும் தடியாக்கினாள். அச்செடுத்துச் சுவரில் ஒட்டிப் பார்த்தாள், அம்சமாக இருந்தது. சோதனைக்குச் சில பேருந்துகளில் மாட்டினார்கள். பொழுது சாய்கிற நேரத்தில், காய்கறி வாங்கும் சாக்கில் மாமனாரை நிறுத்தத்துக்குக் கூட்டிப்போனாள்.

"மாமா, என்ன நம்பர் வருது?"

அவர் கண்ணை இடுக்கினார். "நம்பரா? ரெண்டு பந்து வருதும்மா."

அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவள் கண்ணுக்குமே அப்படித்தான் தெரிந்தது. காகிதத்தில் பார்த்தாளே ஒழிய, விளக்கு போட்டுப் பார்க்கவில்லை. பலகையில் விளக்கு எரிந்ததும் வெளிச்சம் பரவி, எண்களின் வயிற்றில் இருந்த ஓட்டையெல்லாம் அடைபட்டுவிட்டது. வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் மூட்டு வலியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

அடுத்து அவள் செய்ததைத்தான் நான் மெச்சுவேன். பழியை விளக்கின்மேல் போடாமல் மறுபடி வரைய உட்கார்ந்தாள். கோட்டைச் சற்று இளைக்கவைத்தாள், எட்டின் ஓட்டைகளைப் பெரிதாக்கினாள், ஆறின் வாயை அகலத் திறந்தாள். உருண்டை முனையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. காகிதத்தில் அந்த எண்கள் பசித்த முகமாய் விகாரமாக இருந்தன. விளக்கின்முன் பிடித்தால் பழைய கொழுகொழுப்பு வந்தது, ஓட்டையும் திறந்தே இருந்தது.

புது எண்களைப் பேருந்துகளில் மாட்டியதும், "பை கனக்கும் மாமா, கூட வாங்க" என்று கெஞ்சி மறுபடி கூட்டிப்போனாள். இந்தத் தடவை வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. பயம்.

முனையில் ஒரு பேருந்து திரும்பியது. 66. மாமனார் அசையவில்லை. அதன் பின்னாலேயே இன்னொன்று வந்தது. அவர் வெறும் பையை அவள் கையில் திணித்துவிட்டுச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அறுபத்தெட்டு வருது. நீ வீட்டுக்குப் போம்மா. நான் வர லேட்டாகும்."