முயல் வெளியில் ஆறு பலகைகள்

1. பொறுப்பேற்ற நாள்

புத்தூருக்குப் பக்கத்தில் கிராம சேவகராக, ஊர்ப் பேச்சில் விதானையாராக, பொறுப்பேற்ற அன்று கடமைகளின் பட்டியல் ஒன்றைத் தந்தார்கள். அரச காணியையும் அதிலுள்ளவற்றையும் பாதுகாப்பது அதில் ஒன்று. மற்றக் கடமைகளை ஒழுங்காக வாசிக்காததால்தான் இதை இவ்வளவு இறுக்கிப் பிடித்தேன் என்பது என் மனைவியின் கருத்து.

அரச காணி என்றால் ஊருக்குக் கிழக்கே பற்றையும் புதரும் மண்டிய ஒரு வெளி. அதிலுள்ளவை என்றால் முயல்கள். முயல் சுட்ட லைசென்ஸ் துவக்குகளை அரசாங்கம் திரும்ப வாங்கிய பிறகு வேட்டை சுருக்குக்கு மாறியிருந்தது. பழைய சைக்கிள் பிறேக் கம்பியில் போட்ட சுருக்கு. நான் முதலில் கண்ட முயல் இடுப்பில் மாட்டிக் கிடந்தது. சுற்றிவர மண் வட்டமாகக் கிளறுப்பட்டிருந்தது. கழற்றிவிட்டேன். ஓடவில்லை. என்னைப் பார்த்தபடியே செத்தது.

2. சைக்கிள் கடையில்

சுருக்கு யாருடையது என்று ஊருக்கே தெரியும். சைக்கிள் திருத்தும் கந்தையா அண்ணையிடம் போனேன்.

“அண்ணை, அரச காணியிலை சுருக்கு வைக்கப்படாது.”

“துவக்கைப் பறிச்சினம், பேசாமல் இருந்தன். இப்ப கம்பியையும் பறிக்க வாறியளோ, விதானையார்?”

“பசிக்கோ வைக்கிறியள்?”

“பசியெண்டால் பயமில்லாமல் சொல்லுவன். உது வாய் ருசி.”

முயல் செத்த விதத்தைச் சொன்னேன். நிமிர்த்திக்கொண்டிருந்த சைக்கிள் சில்லைக் கீழே வைத்தார்.

“சரி, நான் இனி வைக்கமாட்டன். மற்றவங்களுக்கு என்ன செய்யப்போறியள்?”

3. என் கெட்டித்தனம்

நாலு புத்தகம் படித்தவன் எழுத்தைத்தான் நம்புவான். முயல் போகும் தடங்களைக் கந்தையா அண்ணையிடமே கேட்டு, ஆறு தடத்திலும் ஆறு பலகை நட்டேன்: ‘இவ்விடத்தில் முயலுக்குச் சுருக்கு வைப்பது தண்டனைக்குரிய குற்றம்.’ அதுவரை அந்தத் தடங்கள் ஊரில் மூன்று நான்கு பேருக்குத்தான் தெரியும்.

இரண்டு கிழமையில் அண்ணை நான் வேலை செய்யும் கந்தோர் வாசலில் நின்றார்.

“விதானையார், ஒருக்கா வாங்கோ. உங்கடை பலகையிலையே கட்டியிருக்கிறாங்கள். நல்ல உறுதியான கட்டையெண்டு கண்டிருக்கிறாங்கள்.”

ஆறு பலகையடியிலும் சுருக்கு. கடைசிப் பலகையடியில் ஒரு பெண்முயல் விறைத்துக் கிடந்தது. மடியில் பால். அண்ணை கம்பியைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ரை கடையிலை வாங்கின கம்பி. பிறேக்குக்கெண்டுதான் கேட்டவன்.”

மத்தியானம் வரை இருவரும் புல்லுக்குள் குட்டி தேடினோம். இரண்டு கிடந்தன. ஒன்றில் உயிர் இருந்தது. மனைவி பஞ்சுத் திரியில் பால் தொட்டுக் கொடுத்தாள். மூன்றாம் நாள் அது திரியைச் சப்பவில்லை.

பலகைகளைப் பிடுங்கினோம். மாற்றலாகிப் போகும்வரை அந்த வெளியில் நான் வேறு முயலைக் காணவில்லை.

இளம் உத்தியோகத்தர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பலகை எழுதிய நேரத்துக்கு நாள்தோறும் நடந்துபோய்ச் சுருக்குகளைக் கழற்றியிருக்கலாம். காப்பாற்ற வேண்டிய ஒன்று எங்கே இருக்கிறது என்று ஊருக்கு எழுதிக் காட்டாதீர்கள்.

மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினேன்: ‘ஆறு பலகைகளும் அகற்றப்பட்டன. காரணம்: எல்லோரும் வாசித்துவிட்டார்கள்.’