மூன்று தொட்டிகளும் ஒரு கைநாட்டும்

ஏழாம் மாதத்தில் பிறந்தாள்; தேறாது என்று பிரசவம் பார்த்தவளே கைவிரித்த பிறகும் தேறினாள். நான்கு வயதில் வந்த காய்ச்சலில் இடது காது போயிற்று. மிச்சமிருந்த வலது காதை வைத்துக்கொண்டே, பக்கத்து அறையில் யார் யாரைப் பற்றி முணுமுணுக்கிறார்கள் என்று கண்டுபிடித்தாள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலே ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை வாங்கினாள். பெருக்கித் துடைக்கப் போனவள், ஆறே வருடத்தில் மீன் அறையைத் தன் பொறுப்புக்குக் கொண்டுவந்தாள். பட்டம் வாங்கிய பிள்ளைகள் பூதக்கண்ணாடியோடு தடுமாறுகிற இடத்தில், உடம்பெல்லாம் கோடு போட்ட சின்ன வரிமீனை ஓட்டத்திலேயே பார்த்து ஆண் எது, பெண் எது என்று சொன்னாள். ‘ஏய் செவிடு’ என்று கூப்பிட்ட மேலாளரை எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வைத்தாள்.

வீட்டில் அவளுக்கு ‘ஏழு’ என்று பெயர், பிறந்த மாதத்தை வைத்து. வேலையிடத்தில் மீன்காரம்மா. அக்காவிடம் கேட்டால் இந்தப் பட்டியலை விரல் மடக்கி ஒன்று விடாமல் ஒப்பிப்பாள். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லும்போதுதான் அவள் குரல் இறங்கிவிடும்.

அக்காவும் அதே கட்டடத்தில்தான், சாமான் கழுவுகிற அறையில் இருந்தாள். ஆறாம் வகுப்பு வரை படித்தவள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனால் மீன் அறையின் தினசரிப் பதிவேட்டை அவளே எழுதினாள். தங்கை பார்த்துச் சொல்லுவாள், அக்கா எழுதுவாள், தங்கை அடியில் கைநாட்டு வைப்பாள். பதினாறு வருடம் இப்படியே ஓடியது. அந்தப் பதிவேட்டில் ஓர் அடித்தல், ஒரு திருத்தம் கிடையாது என்பதில் அக்காவுக்குத் தலைகொள்ளாத பெருமை. எழுத்து ஒரே சீராக இருக்கவேண்டும் என்பதற்காக, திங்கட்கிழமை காலையிலேயே வாரம் முழுவதற்கும் ‘மாற்றம் இல்லை’ என்று வரிசையாக எழுதி வைத்துவிடுவாள். ஏதாவது மாறினால் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணம். அடித்து எழுதும்படி எதுவும் மாறியதாக அவள் ஒப்புக்கொண்டதே இல்லை.

அந்த வருடம், ஆராய்ச்சிக் கூடத்தை நடத்திய டாக்டரம்மா ஒரு புதுச் சோதனை தொடங்கினார். ஆறு தொட்டிகள். மூன்றில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைத் துளித்துளியாகக் கலப்பது. மற்ற மூன்றில் வெறும் தண்ணீர், ஒப்பிட்டுப் பார்க்க. என்ன ஆராய்ச்சி என்று தங்கை வாய்விட்டுக் கேட்டாள். டாக்டரம்மாவுக்கு விளக்கம் சொல்லப் பிடிக்கும்.

“முட்டைக்கு மஞ்சக்கரு புரதம் வேணும் இல்லையா? அதைப் பெண் மீனோட கல்லீரல்தான் செய்யுது. செய்யறதுக்கான மரபணு ஆண் மீன்கிட்டயும் இருக்கு. ஆனா சும்மா கிடக்கும்.”

“ஆம்பளைங்க எல்லா வேலையையும் அப்படித்தானே போட்டு வெச்சிருக்காங்க.”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “செல்லுக்குள்ள ஏற்பின்னு ஒரு புரதம் இருக்கு. ஈஸ்ட்ரோஜன் வந்து அதுல ஒட்டினா அதோட வடிவம் மாறும். ரெண்டு ரெண்டா ஜோடி சேரும். டிஎன்ஏல தனக்குன்னு இருக்கிற இடத்துல போய் உட்காரும். அப்புறம் மத்த புரதங்களைக் கூப்பிட்டு, இந்த மரபணுவைப் படி, வேலையைத் தொடங்குன்னு ஏவும். மீன், தவளை, கோழி, நாம, முதுகெலும்பு இருக்கிற எல்லாருக்கும் இதே ஏற்பாடுதான்.”

“அப்போ அது மேஸ்திரி, டாக்டரம்மா. தானா கல்லு தூக்காது. ஆளைக் கூப்பிட்டு நிறுத்தும்.”

“ரொம்பச் சரி. ஆனா கொஞ்சம் ஏமாளி மேஸ்திரி. கிட்டத்தட்ட அதே வடிவத்துல வேற எது வந்து ஒட்டினாலும் ஹார்மோன்தான் வந்திருக்குன்னு நினைச்சுக்கும்.”

கழுவிய குடுவைகளை அடுக்க வந்திருந்த அக்காவும் இதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். காதில் விழுந்தது, மனதில் தைக்கவில்லை.

தொட்டிகள் கெட்டியான, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். மிதமான சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர் என்று கழுவும் முறை சுவரில் ஒட்டியிருந்தது. மூன்று தொட்டிகளில் மட்டும் லேசான கறை. தங்கை அறைக்குப் போகிற தொட்டியில் கறையா? தரை கழுவுகிற காரமான திரவத்தை ஊற்றி, கொதிக்கிற தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தாள் அக்கா. கறை போயிற்று. காய்ந்த பிறகு சுவரில் மெல்லிய மூட்டம் தெரிந்தது. துணியால் துடைத்து, வெறும் தண்ணீர் வரிசையில் அடுக்கிவிட்டாள்.

ஐந்தாவது வாரம், ஒரு புதன்கிழமை, தங்கை வந்து மேசை பக்கத்தில் நின்றாள்.

“அக்கா, வெறும் தண்ணி மூணு தொட்டியிலயும் ஆம்பளை மீன் சரியில்ல. விளக்கு போட்டதும் பொண்ணைத் துரத்துமே, துரத்தல. உடம்பு மஞ்சளும் வெளுத்துப்போச்சு. எழுதிக்கோ.”

அக்கா பதிவேட்டைப் பார்த்தாள். புதன், வியாழன், வெள்ளி எல்லாவற்றுக்கும் எதிரே ‘மாற்றம் இல்லை’ அழகாக உட்கார்ந்திருந்தது.

“ஏழு, அது மருந்தே போடாத தொட்டி. அதுல என்னடி மாறும்? காதுதான் போச்சுன்னு பார்த்தா கண்ணும் போச்சா?”

“என் கண்ணைச் சொல்லாத. எழுதுக்கா.”

“சரி சரி, எழுதறேன். கையை வை.”

தங்கை நம்பிக் கைநாட்டு வைத்தாள். அக்கா எழுதவில்லை.

மூன்று மாதம் கழித்து மீன்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். வெறும் தண்ணீரில் இருந்த ஆண் மீன்களின் ரத்தத்தில் மஞ்சள்கரு புரதம். டாக்டரம்மா பதிவேட்டை விரித்து வைத்துத் தங்கையைக் கூப்பிட்டார்.

“மருந்தைத் தொட்டி மாத்தி ஊத்தியிருக்கே. மீன்ல ஏதாவது தெரிஞ்சிருக்குமே, ஏன் சொல்லல? மாற்றம் இல்லைன்னு இருக்கு. இது உன் கைநாட்டுதானே?”

தங்கை பதிவேட்டைப் பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற அக்காவைப் பார்த்தாள். “என் கைதான்” என்றாள். அக்கா உண்மையைச் சொல்லாமல் வாசலை விட்டு நகர்ந்தாள். அன்று மாலையே மீன் அறைச் சாவியை வாங்கிக்கொண்டு தங்கையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் தங்கை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சமைத்தாள், துணி துவைத்தாள், அக்கா பேச வந்தால் இடது காதைக் காட்டி உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் அக்காவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். பத்தாம் நாள் காலை, கழுவப் போட்டிருந்த தொட்டியின் மூட்டத்தை விரலால் தடவும்போதுதான் ஏமாளி மேஸ்திரியின் நினைவு வந்தது. தொட்டியைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மா அறைக்குப் போனாள். காரத் திரவம், கொதிதண்ணீர், முன்கூட்டி எழுதிய வரிகள், எழுதாத புதன்கிழமை என்று எல்லாவற்றையும் நின்றபடியே கொட்டினாள்.

டாக்டரம்மா அந்தத் தொட்டியில் ஊறிய தண்ணீரைச் சோதிக்க அனுப்பினார். காரத்தில் அரிக்கப்பட்ட பிளாஸ்டிக்கிலிருந்து ஈஸ்ட்ரோஜன் போலவே ஏற்பியில் ஒட்டும் பொருள் கசிந்திருந்தது. “அன்னிக்கே அந்த ஒரு வரி இருந்திருந்தா அந்த வாரமே பிடிச்சிருக்கலாம்” என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. ஆனால் அக்காவின் கையிலிருந்து பதிவேடு போயிற்று.

சாவியைத் திருப்பித் தந்தபோது தங்கை ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். “இனிமே இன்னொருத்தர் எழுதினதுல கை வைக்கமாட்டேன். நானே எழுதறேன். கத்துக்கறேன், நாள் குடுங்க.”

அன்று வீட்டில் அக்கா புது நோட்டும் பென்சிலும் எடுத்து வைத்தாள். “வா ஏழு, நான் சொல்லித்தரேன்.”

“வேணாம்க்கா. மீனுக்கு ரத்தம் எடுக்கிற பொண்ணு சொல்லித்தரேன்னு சொல்லியிருக்கா.”

“அவ எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்டி.”

“இருக்கட்டும். நீ ரொம்ப அழகா எழுதுவ.”

அக்கா நோட்டை மூடினாள். பதினாறு வருடம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வாரம் ஓர் எழுத்து என்று வைத்திருந்தாலும் ஐந்து வருடத்தில் முடிந்திருக்கும். எழுதத் தெரியாத தங்கைக்கு எழுதித் தருகிற அக்காவாக இருப்பது அவளுக்கு அத்தனை பிடித்திருந்தது என்பதை இப்போதுதான் தனக்கே ஒப்புக்கொண்டாள்.

தங்கை கற்றுக்கொண்டதில் ஓர் எழுத்துகூட அக்காவுடையது இல்லை. சோதனை புதுத் தொட்டிகளில் மறுபடி தொடங்கிய அன்று, குடுவைகளை அடுக்குகிற சாக்கில் மீன் அறைக் கதவருகே நின்றாள் அக்கா. தங்கை குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ‘நாலாம் தொட்டி ஆண் ஒன்று துரத்தவில்லை’ என்று எழுதினாள். இரண்டு சொற்களை அடித்துத் திருத்தினாள். பிறகு மை டப்பாவை ஒதுக்கி வைத்துவிட்டு, கோணல் எழுத்தில் தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டாள். அன்று 2015 மார்ச் 17, செவ்வாய்க்கிழமை.